777 கொடுத்துப் பார்ப்பதா, எரர் லாக்கைப் படிப்பதா?

அல்சூர் நூலகத் தொண்டர்:
வணக்கம். பெங்களூரு அல்சூரில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு தமிழ் நூலகத்துக்கு இணையத்தில் உறுப்பினர் சேர்க்கைப் படிவம் ஒன்று உண்டு. பெர்ல் மொழியில் எழுதிய பழைய சிஜிஐ ஸ்கிரிப்ட், அதாவது படிவம் வரும்போதெல்லாம் சர்வர் ஓட்டும் சிறு நிரல். லினக்ஸ் சர்வரில் அப்பாச்சி என்ற வெப்சர்வர் மென்பொருளின் கீழ் ஓடுகிறது. நேற்றிரவு விண்டோஸ் கணினியில் சந்தாத் தொகையை மட்டும் திருத்தி, கோப்புகளைச் சர்வருக்கு அனுப்ப புதிதாக நிறுவிய எஃப்டிபி மென்பொருள் வழியே ஏற்றினேன். அதன்பின் படிவத்தை அனுப்பினால் 500 பிழைப் பக்கம்தான் வருகிறது. கூடவே திருத்தி ஏற்றிய நூல் தேடல் ஸ்கிரிப்ட் மட்டும் நன்றாக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சேர்க்கை நாள். வழி சொல்லுங்கள்.

சிவாஜிநகர் வெப்மாஸ்டர்:
தம்பி, முதலில் அனுமதியை 777 (எல்லோரும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்) ஆக்கிப் பாருங்கள். சரியாகவில்லையென்றால் எஃப்டிபியில் ஆஸ்கி என்ற உரைக்கோப்பு முறையில் மறுபடி ஏற்றுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் பிழைச் செய்தியை பிரௌசரிலேயே காட்டச் சொல்லும் வரியை ஸ்கிரிப்ட்டில் சேருங்கள். இருபது ஆண்டுகளாக எத்தனையோ சிறு தளங்களைப் பார்த்து வருகிறேன். இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் கைகொடுத்துவிடும்.

ஒயிட்ஃபீல்டு சிஸ்டம் அட்மின்:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் 777 என்ற யோசனையை இங்கே யாரும் பின்பற்றக் கூடாது. அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் கோப்பில் எழுதலாம் என்பதே அதன் பொருள். அதோடு, பல ஹோஸ்டிங் சர்வர்களில் சூஎக்ஸெக் என்ற அப்பாச்சியின் பாதுகாப்பு அமைப்பு இயங்குகிறது. ஸ்கிரிப்ட்டிலோ அது இருக்கும் கோப்புறையிலோ உரிமையாளரைத் தவிர மற்றவர் எழுத முடியும் என்று கண்டால் அது ஸ்கிரிப்ட்டை ஓட்டவே மறுத்துவிடும். அப்போதும் திரையில் அதே 500 தான் தெரியும். ஒரு கோளாறு இரண்டாகியிருப்பது வெளியே தெரியாது. பிழையை பிரௌசரில் காட்டுவதும் ஆபத்து: பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் வாங்கும் படிவம் இது, கோப்புப் பாதைகளையும் சில நேரம் டேட்டாபேஸ் விவரங்களையும் வருவோர் போவோருக்கெல்லாம் காட்ட வேண்டுமா? 500 என்பது உள்ளே ஏதோ நடந்தது என்று மட்டுமே சொல்கிறது. என்ன நடந்தது என்பது எரர் லாக்கில், அதாவது சர்வர் எழுதிவைக்கும் பிழைப் பதிவேட்டில் இருக்கும். எதையும் தொடுவதற்கு முன் அதைப் படியுங்கள்.

சிவாஜிநகர் வெப்மாஸ்டர்:
அலுவலகத்தில் சர்வர் முழுவதும் உங்கள் கையில் இருப்பதால் இப்படிச் சொல்கிறீர்கள். குறைந்த வாடகை ஹோஸ்டிங்கில் லாக்கைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். கேட்டால் டிக்கெட் போடச் சொல்வார்கள். மாலையில் வேலை முடிந்து வந்து தளத்தைக் கவனிக்கும் தொண்டர்களுக்கு, ஒன்றை மாற்றிப் பார்த்து விளைவைக் கவனிப்பதைத் தவிர வேறென்ன வழி?

அல்சூர் நூலகத் தொண்டர்:
மேலே உள்ள எச்சரிக்கையைப் படிக்கும் முன்பே கோப்புறைக்கு 777 கொடுத்துவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த தேடலும் நின்றுவிட்டது. உடனே 755-க்கு (உரிமையாளர் மட்டுமே எழுதலாம்) திருப்பினேன், தேடல் மீண்டது. பிறகு ஹோஸ்டிங் உதவிப் பிரிவில் கேட்டு லாக் வரிகளை வாங்கினேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது ஒரு வரி. ஹெடர் (பக்கத்துக்கு முன்னால் வர வேண்டிய தலைப்பு வரிகள்) வருவதற்கு முன்பே ஸ்கிரிப்ட்டின் வெளியீடு முடிந்துவிட்டது என்கிறது இன்னொன்று. ஆனால் கோப்பு என் கண்ணெதிரே இருக்கிறது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளையிடும் வழி) மூலம் சர்வருக்குள் நுழைந்து பெர்லின் இலக்கணச் சோதனையையும் ஓட்டினேன். 'சின்டாக்ஸ் ஓகே' என்கிறது.

சிவாஜிநகர் வெப்மாஸ்டர்:
பார்த்தீர்களா? இருக்கிற கோப்பை இல்லை என்கிறது லாக். பழுதான ஸ்கிரிப்ட்டைச் சரி என்கிறது சோதனை. இரண்டையும் நம்பி உட்கார்ந்திருந்தால் ஞாயிறு தாண்டிவிடும்.

ஒயிட்ஃபீல்டு சிஸ்டம் அட்மின்:
லாக் பொய் சொல்லவில்லை ஐயா. அது இல்லை என்பது ஸ்கிரிப்ட்டையன்று, ஸ்கிரிப்ட்டின் முதல் வரி சுட்டும், அதை ஓட்ட வேண்டிய பெர்ல் நிரலை. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13, 10 என்ற எண்களைக் கொண்ட இரண்டு குறிகளை இடும். லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். பழைய எஃப்டிபி மென்பொருள் ஆஸ்கி முறையில் ஏற்றும்போது 13-ஐ நீக்கிவந்திருக்கும். புதியது பைனரி முறையில் அப்படியே அனுப்பியிருக்க வேண்டும். லினக்ஸ் அந்த 13-ஐயும் பெர்லின் பெயரோடு சேர்த்துப் படித்து, அப்படி ஒரு நிரலைத் தேடி, இல்லை என்கிறது. இலக்கணச் சோதனையில் பெர்லை நீங்களே அழைப்பதால், அதன் இருப்பிடத்தை முதல் வரியில் தேட வேண்டிய வேலையே இல்லை. ஆகவே அங்கே பழுது தெரியாது. பிழையை பிரௌசரில் காட்டும் வரியும் இங்கே பயன்படாது. பெர்ல் தொடங்கினால்தானே அந்த வரி ஓடும்?
தொண்டரே, கோப்பைத் திரையில் காட்டும் 'கேட்' கட்டளையை பெரிய ஏ என்ற சுவிட்சோடு ஓட்டுங்கள். வரி முடிவுகளில் 13-இன் அடையாளமான ^எம் தெரியும். தேடல் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் பெர்லின் பெயருக்குப் பின் -டபிள்யூ என்ற சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் 13 பெயரோடு ஒட்டாமல் அந்த சுவிட்சின் பின்னே போய்விடும். பெர்ல் அதைப் பொருட்படுத்தாது.

தொம்லூர் டெவலப்பர்:
உயிரோடு இருக்கும் தளத்தில் நேரடியாக மேலெழுதியதைப் பற்றி இருவருமே பேசவில்லை. பழைய கோப்பை வேறு பெயரில் வைத்துவிட்டு ஏற்றியிருந்தால், காரணம் தெரியும்வரை படிவம் பழைய சந்தாவோடு ஓடியிருக்கும்.

அல்சூர் நூலகத் தொண்டர்:
அண்ணா, சொன்னது அப்படியே இருக்கிறது! எல்லா வரிகளின் முடிவிலும் ^எம். தேடலின் முதல் வரியில் -டபிள்யூ. எடிட்டரில் வரிமுடிவை யூனிக்ஸ் முறைக்கு மாற்றி ஏற்றினேன், அனுமதி 755. சோதனைப் பதிவு ஒன்று உள்ளே போய்விட்டது.

சிவாஜிநகர் வெப்மாஸ்டர்:
மகிழ்ச்சி தம்பி. சூஎக்ஸெக் உள்ள இடத்தில் 777 கேடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இனி அதைச் சொல்லமாட்டேன். ஆனால் ஆஸ்கி முறையில் மறுபடி ஏற்றச் சொன்னேனே, அதைச் செய்திருந்தால் லாக்குக்காக மூன்று மணி நேரம் காத்திருக்காமலே இது தீர்ந்திருக்கும். அனுபவத்தில் வரும் ஊகத்தையும் ஒரு முறையாகவே நான் கருதுகிறேன்.

ஒயிட்ஃபீல்டு சிஸ்டம் அட்மின்:
தீர்ந்திருக்கும், உண்மைதான். ஆனால் உங்கள் வரிசையில் 777 அதற்கு முன்னால் இருந்தது. அதைத் திருப்பாமல் ஆஸ்கியில் ஏற்றியிருந்தால் அப்போதும் 500 வந்திருக்கும், சரியான மருந்தைத் தவறென்று தள்ளியிருப்போம். தொண்டரே, தேடல் ஸ்கிரிப்ட்டின் வரிமுடிவையும் இன்றே மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டு, முதல் வரியிலிருந்து அந்த -டபிள்யூவை யாரேனும் நீக்கினால் அங்கும் இதே 500 வரும்.