ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) கணிதம்: சின்னப் பிள்ளையோட போகக்கூடிய வகுப்பு இருக்கோ?

வணக்கம் அக்காமார், அண்ணாமார். எனக்கு 32 வயது, இருக்கிறது கோப்பாய். 2009இல ஆண்டு 10 படிக்கேக்க இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமுக்குப் போனதோட படிப்பு நிண்டுபோச்சு. இந்த முறை தனியார் பரீட்சார்த்தியா ஓ.எல். எடுக்கிறன். மற்றப் பாடங்கள் சமாளிப்பன். கணிதம்தான் இடிக்குது, அதிலயும் கேத்திரகணிதம்.

யாழ்ப்பாணத்தில ஒரு மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தன். இவர், என்ர மனுசன், மேசன் வேலை. ரெண்டு மாசத்துக்கு முந்தி சாரத்தால விழுந்து கால் முறிஞ்சு பிளேட் வைச்சுக் கிடக்கு. கிளினிக், சமையல், மூண்டு வயசுப் பிள்ளை. ஏழு கிழமையா வகுப்பில்லை. பிள்ளையைக் கூட்டிவரக் கேட்டன், ஏலாதெண்டிட்டினம். அவையளையும் குறை சொல்லேலாது, அவள் ஒரு இடத்தில இருக்கமாட்டாள்.

கிராம அலுவலரிட்டக் கடிதம் எடுத்து பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டன். இவரின்ர மருத்துவ உதவிக்குப் படிவம் தந்தவா. படிப்புக்கெண்டு தன்னட்ட ஒண்டுமில்லையாம். அரசாங்கம் தாற அஸ்வெசும உதவிக் காசு சாப்பாட்டோட சரி. யூடியூப்பில பாத்தும் படிச்சன், சந்தேகம் கேக்க ஆளில்லை.

கோப்பாய், இருபாலை, நல்லூர் பக்கம், பிள்ளையோட போகக்கூடியதா அல்லது சனி ஞாயிறு காலையில, வளர்ந்த ஆக்களுக்கு இலவசமா கணிதம் சொல்லிக்குடுக்கிற இடம் ஏதும் இருக்கோ?