காரம் குறைந்த மாங்காய்ப் பருப்பு: நெய் இல்லாமல் செய்வது எப்படி?

கேள்வி: ஆந்திரத்து மாங்காய்ப் பருப்பை, நெய்யோ தயிரோ சேர்க்காமல், சிறு குழந்தையும் வயதான மாமியாரும் ஒன்றாகச் சாப்பிடும்படி காரம் குறைத்துச் சமைப்பது எப்படி என்று விளக்க முடியுமா?

பதில் 1: ஒரு கப் துவரம்பருப்பை மூன்று கப் நீரும் மஞ்சள்தூளும் சேர்த்து முதலில் தனியாகக் குழைய வேகவையுங்கள், புளிப்பு முன்பே சேர்ந்தால் பருப்பு எளிதில் வேகாது. பிறகு தோல் சீவிய மாங்காய்த் துண்டுகளைப் போட்டு, கரண்டியால் அழுத்தினால் நசுங்கும் பதம் வரும்வரை கொதிக்கவிட்டு உப்பிடுங்கள்.

பதில் 2: மிளகாய்த்தூளை அறவே தவிர்த்து, காய்ந்த மிளகாயைக் கிள்ளாமல் முழுதாகத் தாளித்தால் மணம் கிடைக்கும், காரம் அதிகம் இறங்காது. நெய்க்குப் பதிலாக நல்லெண்ணெயில் கடுகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை தாளிப்பதே என் விருப்பம்.

பதில் 3: குழந்தைகளுக்குப் புளிப்புக் குறைந்த கிளிமூக்கு மாங்காயே ஏற்றது. அப்படியும் புளித்தால் சிறிது வெல்லம் சேர்க்கலாம்.