சார்ஜ்பேக்: தமிழில் என்ன எழுதலாம்?

வணக்கம். சௌகார்பேட்டையிலிருந்து வெளிநாட்டுக்குப் புடவை அனுப்பும் சிறு வணிகர்களுக்காக ஓர் உதவிப் பக்கத்தைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். பொட்டலம் வேறு வீட்டுக்குப் போய்விடுகிறது, கூரியர் தளத்திலோ 'டெலிவர்டு' என்று விழுந்துவிடுகிறது. வாங்கியவர் கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்ய, விற்றவருக்கு வந்த பணம் திரும்பப் பிடிக்கப்படுகிறது, இதுதான் சார்ஜ்பேக். விற்றவர் தானாகக் கொடுப்பது ரீஃபண்ட், அதற்குப் 'பணம் திருப்பல்' போதும். சார்ஜ்பேக்குக்கு 'மீள்பற்று' சரியா?

---

> 'மீள்பற்று' சரியா?

தம்பி, வினைத்தொகை என்பதால் 'மீட்பற்று' என்று புணர்க்காமல் விட்டது சரி. ஆனால் மீள் தன்வினை. பணம் தானாக மீளவில்லையே, மீட்கிறார்கள். 'பணமீட்பு' என்று வையுங்கள்.

---

ஐயா, மீட்பு என்றால் கடைக்காரருக்கு அடகு வைத்த நகைதான் நினைவுக்கு வரும். பற்றும் சிக்கல்தான்: கணக்கியலில் அது டெபிட், மளிகைக் கடையில் 'பற்று எழுதிக்கோங்க' என்றால் கடன். அப்புறம், வாங்கியவர் கணக்கில்தான் பற்று மீள்கிறது, விற்றவர் கணக்கில் போவது வரவு. பக்கம் விற்றவருக்குத்தானே? பேபால் என்ற இணையப் பணச் சேவையில் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம், பரிவர்த்தனை விவரத்தில் உள்ள முகவரிக்கே அனுப்பினால்தான் விற்றவர் பணத்துக்கு அவர்கள் தரும் 'விற்பனையாளர் பாதுகாப்பு' கிடைக்கும். இதெல்லாம் அவருக்குப் புரிந்தாக வேண்டும். வரும் மின்னஞ்சலில் சார்ஜ்பேக் என்றே இருக்கும், அப்படியே எழுதுங்கள்.

---

அம்மா, அப்படியே என்றால் எப்படி? வடசொல்லையே 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வட எழுத்தை நீக்கி, வரச் சொன்னவர் தொல்காப்பியர், இதில் ஜ அல்லவா நிற்கிறது! 'வரவுப் பறிப்பு' என்போம், விற்றவர் பக்கமும் வந்துவிடும்.

---

> 'வரவுப் பறிப்பு'

பறிப்பு வேண்டவே வேண்டாம். ஒப்புக்கொண்டபடி வந்து சேராத பொருளுக்கான தொகையை எதிர்த்துக் கேட்கும் உரிமையை அமெரிக்க கிரெடிட் கார்டுக்காரர்களுக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டமே கொடுத்திருக்கிறது. பொட்டலம் கிடைக்காதவரைப் பறிகாரர் ஆக்குவது நியாயமில்லை. யார் பக்கமும் சாயாத சொல் வேண்டும். என் ஓட்டு மீள்பற்றுக்கு.

---

எல்லோருக்கும் நன்றி. மீள்பற்றுக்கு ஓர் ஓட்டும் விழுந்துவிட்டதால் முதல் இடத்தில் 'சார்ஜ்பேக் எனப்படும் மீள்பற்று', பிறகு மீள்பற்று மட்டும் என்று அனுப்புகிறேன். விற்றவர் டெலிவரிச் சான்றோடு எதிர்வாதம் வைப்பதை 'மறுமுறையீடு' எனலாமா?

---

முறையிட்டவர் வாங்கியவர், விற்றவர் செய்வது மறுப்பு. 'சான்று மறுப்பு' என்றால் சான்றையே மறுப்பதாகிவிடும், அதுவும் ஆகாது. பற்று வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை, பதிந்துவையுங்கள்.