ரிக்பி பாணித் துப்பாக்கியில் தோள்வாரின் முன்வளையம்

கேள்வி: மௌசர் 98 இயக்கத்தை (தோட்டாவை ஏற்றிச் சுடவைக்கும் ஜெர்மானியப் பொறியமைப்பு) கொண்டு, லண்டன் ரிக்பி நிறுவனத்தின் பழைய பாணியில் .275 தோட்டாவுக்கான வேட்டைத் துப்பாக்கி ஒன்றை உரிமம் பெற்ற கலைஞரிடம் செய்விக்க எண்ணியுள்ளேன்; தோள்வாரின் முன்வளையத்தை மரக்கட்டையில் பொருத்துவதா, குழலிலா?

பதில் 1: குழலில்தான், ஐயா. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கையில் வளையம் முன்னால் தாங்கிப் பிடிக்கும் கையை இடிக்காமலிருக்கவே, பிரித்தானியர் அதைக் குழலைச் சுற்றிய பட்டையில் வைத்தனர். .275இன் உதைப்பு மென்மையானது, 1911இல் வந்த பெரிய தோட்டாவான .416 ரிக்பியிலோ, வளையம் மரக்கட்டையில் இருந்தால் விரல் காயப்படும்.

பதில் 2: உடன்படுகிறேன். ஆயினும் மரத்தேர்வே முதன்மையானது: வால்நட் மரத்தின் இழை கைப்பிடிப் பகுதியில் நேராக ஓடாவிட்டால், பின்கட்டையின் வரியோட்டம் எத்துணை அழகாயினும் அங்கேதான் பிளக்கும். மெருகுக்கு எண்ணெயே போதும்; பளபளக்கும் வார்னிஷ் இப்பாணிக்குப் பொருந்தாது.

கேட்டவர்: நன்றி. பட்டையையே செய்யச் சொல்கிறேன்.