விந்தணுவின் 'கப்பாசிட்டேசன்': 'பதமுறல்' என்னலாமா?

அன்புடையீர், வணக்கம்.

பாலூட்டிகளின் விந்தணு பெண்ணுடலுக்குள் சென்று சில மணி நேரம் தங்கிய பிறகே கருமுட்டையைத் துளைக்க வல்லதாகிறது. ஆங்கிலத்தில் கப்பாசிட்டேசன் என்று வழங்கும் இந்நிகழ்வுக்கு நம் கலைச்சொல் குழுவில் இதுவரை 'திறனேற்றம்', 'தகுதியாக்கம்', 'விந்தணு முதிர்ச்சி' என மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்று மடல்களையும் படித்தேன். ஆங்கிலச் சொல்லின் வேரை ஆராய்வதற்கு முன், இந்நிகழ்வைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான மின் சுவே சாங் முயல்களில் என்ன பார்த்தார் என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நமக்கு உதவும் என்று எண்ணி இதை எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

மின் சுவே சாங் 1908-இல் சீனாவின் சான்சி மாகாணத்தில் பிறந்தவர். சிங்குவா பல்கலைக்கழகத்தில் படித்து, கேம்பிரிட்ஜில் 1941-இல் முனைவர் பட்டம் பெற்று, 1945-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்த வூஸ்டர் சோதனை உயிரியல் நிறுவனத்தில் உயிரியலாளர் கிரகரி பிங்கஸிடம் வந்து சேர்ந்தார். தொடக்கத்தில் ஆய்வகத்திலேயே படுத்துறங்கி, இரவுக் காவல் வேலையையும் பார்த்தார். கருத்தடை மாத்திரைக்கு வழிவகுத்த விலங்குச் சோதனைகளைச் செய்தவர் என்றே உலகம் அவரை மிகுதியும் அறியும். நமக்கு வேண்டியது அதற்கு முந்தைய முயல் சோதனை.

பெண் முயல் இணைசேர்ந்து ஏறத்தாழ 10 மணி நேரம் கழித்தே முட்டைகளை வெளியிடும். அதனால் முட்டை எப்போது குழாய்க்குள் வரும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். இதைப் பயன்படுத்திச் சாங், புதிதாகச் சேகரித்த விந்தணுக்களைக் கருக்குழாய்க்குள் நேரடியாக, வெவ்வேறு நேரங்களில் இட்டுப் பார்த்தார். முட்டை வெளிவருவதற்குப் பல மணி நேரம் முன்பே இட்டவை கருவுறச் செய்தன. முட்டை வந்த பிறகு இட்டவை, முட்டையின் அருகிலேயே உயிரோடு நீந்திக்கொண்டிருந்தும், பெரும்பாலும் பயன்படவில்லை. ஆனால் வேறொரு பெண் முயலின் கருப்பையில் சில மணி நேரம் தங்கியிருந்த விந்தணுக்களை எடுத்து, அதே தாமதமான வேளையில் இட்டபோது முட்டைகள் கருவுற்றன. இது 1951-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் என்பவர், சாங்கின் ஆய்வோடு எத்தொடர்பும் இன்றி, எலிகளில் இதே முடிவுக்கு வந்திருந்தார். அடுத்த ஆண்டு கப்பாசிட்டேசன் என்று பெயரிட்டவரும் ஆஸ்டின்தான்.

அவர் பெயரிட்ட நாளில் விந்தணுவுக்குள் என்ன நடக்கிறது என்று எவருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் விளைவு மட்டுமே என்பதால், 'வல்லதாகுதல்' என்ற பொருளில் விளைவுக்குப் பெயர் வைத்தார். நாமோ எழுபது ஆண்டுகள் கழித்துப் பெயர் வைக்கிறோம். இடையில் அறியப்பட்டதைப் புறந்தள்ளிவிட்டு அந்தச் சொல்லையே நிழல்போல் தொடர வேண்டிய தேவை நமக்கு இல்லை.

இடையில் அறியப்பட்டவற்றுள் இரண்டு செய்திகள் நம் தெரிவை முடிவு செய்துவிடும் என்று கருதுகிறேன். முதலாவது, 1957-இல் சாங் காட்டியது: இவ்வாறு வல்லமை பெற்ற விந்தணுக்களை விந்துப் பாய்மத்தில், அதாவது விந்தணு நீங்கலான விந்து நீரில், மீண்டும் இட்டால் அவ்வல்லமை போய்விடுகிறது, அவற்றைத் திரும்பவும் கருப்பையில் தங்கவைத்தால் மீண்டும் வருகிறது. ஆகவே இது வந்து போகும் ஒரு நிலை. இரண்டாவது, விந்தணு புதிதாக எதையும் சுமந்துகொள்வதைவிட, இருப்பதை இழப்பதே இதில் முதன்மையானது. மேற்பரப்பில் படிந்திருந்த புரதங்கள் விலகுகின்றன. சூழலிலுள்ள அல்புமின் என்னும் புரதம் விந்தணுவின் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. சவ்வு நெகிழ்ந்தபின் பைகார்பனேட்டும் கால்சியமும் உட்புகுந்து, வாலின் துடிப்பு சாட்டையடிபோல் வேகம் கொள்கிறது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். 'முதிர்ச்சி' கூடவே கூடாது. விந்தகத்தை ஒட்டிய எபிடிடிமிஸ் குழலைக் கடக்கும்போது விந்தணு அடையும் மாற்றத்திற்கு அச்சொல் ஏற்கெனவே உரியது. அது ஆணுடலில் நடப்பது, திரும்பாதது. நான் கையெழுத்துப் படி திருத்திக்கொடுத்த ஒரு பாடநூலில் இரண்டுக்கும் 'முதிர்ச்சி' என்றே எழுதியிருந்தார்கள். அதைப் படிக்கும் மாணவர், முதிர்ந்த விந்தணு ஏன் மறுபடியும் முதிர வேண்டும் என்று கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்? 'திறனேற்றம்' ஓசையில் நன்றாக இருக்கிறது, ஆனால் 'ஏற்றம்' என்ற பகுதி வெளியிலிருந்து ஒன்றைச் சுமத்துவதாகக் காட்டுகிறது. மின்னேற்றம் என்று பழகிய காதுக்கு வேறெதுவும் தோன்றாது. 'தகுதியாக்கம்' தேர்வாணைய அறிவிப்பில் இருக்க வேண்டிய சொல் என்பது என் கருத்து. முன்மொழிந்த ஐயா பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

நான் முன்வைப்பது 'பதமுறல்'. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுபவர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டிப் பார்ப்பார். கரைந்தால் இன்னும் வரவில்லை; உருண்டு திரண்டால் பதம்; கல்லென்று இறுகினால் பதம் தப்பிவிட்டது. நீர் வற்றியே பாகு அந்நிலைக்கு வருகிறது. மழைக்குப் பின் உழவர் மண்ணைப் பிடித்துப் பார்த்து, உழவுக்குப் பதம் வந்துவிட்டது என்று சொல்வதும் இவ்வகையே: அந்த ஈரம் இரண்டொரு நாளில் போய்விடும், அடுத்த மழையில் மீண்டும் வரும். ஒரு செயலுக்கு ஏற்ற நிலை, குறுகிய காலம் நிற்பது, தப்பக்கூடியது, திரும்பி வரக்கூடியது என்னும் பொருள்கள் அனைத்தும் 'பதம்' என்ற இந்த மூன்றெழுத்துச் சொல்லோடு ஒட்டியே வருகின்றன, விளக்கவுரை தேவைப்படாது. மனித விந்தணுக்களில் எந்நேரத்திலும் ஒரு சிறு பகுதி மட்டுமே இந்நிலையில் இருக்கும் என்பதையும் 'பதமுற்றவை', 'பதமுறாதவை' என்று இயல்பாகப் பிரித்துச் சொல்லலாம்.

ஆய்வகக் கருவூட்டலின் வரலாற்றை இச்சொல்லால் எழுதிப் பார்த்தேன். பிங்கஸ் 1930-களில் முயல் முட்டைகளை உடலுக்கு வெளியே கருவுறச் செய்ததாகக் கூறியதைப் பின்னால் வந்தோர் ஐயுற்றதற்குக் காரணம், அவர் பயன்படுத்தியவை பதமுறாத விந்தணுக்கள் என்பது. சாங் 1959-இல் பெண் முயலின் கருப்பையில் பதமுற்ற விந்தணுக்களைக் கொண்டு அதைச் செய்து, கருக்களை வேறு முயல்களுக்கு மாற்றிக் குட்டிகள் பிறந்ததைக் காட்டியபோதுதான் ஐயம் நீங்கியது. 1963-இல் யானகிமாச்சியும் சாங்கும் வெள்ளெலி (ஹாம்ஸ்டர்) விந்தணுக்களை உடலுக்கு வெளியிலேயே பதமுறச் செய்தார்கள். இவ்வாக்கியங்கள் எங்கும் தடுக்கவில்லை.

தோலையும் உணவையும் 'பதப்படுத்துதல்' என்ற வழக்கோடு குழம்பாதா என்று அம்மையார் ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, உறையவைத்துச் சேமித்த விந்துவைப் பதப்படுத்திய விந்து என்று எழுதுவோரும் உண்டு. அதனால்தான் 'பதப்படுத்தல்' என்னும் பிறவினையை விலக்கி, 'உறு' என்னும் தன்வினையை எடுத்தேன். ஆய்வகத்தில் செய்விப்பதைக் குறிக்க 'பதமுறச் செய்தல்' என்றே எழுதலாம். இரு சொல்லானாலும் குழப்பம் இல்லை. வல்லமை நீங்குவதைப் 'பதமிழத்தல்' எனலாம்.

ஒன்றில் மட்டும் எனக்கு முடிவு எட்டவில்லை. விந்துப் பாய்மத்தில் இருந்துகொண்டு பதத்தை நீக்கும் காரணிக்குப் 'பதநீக்கி', 'பதமடக்கி' என இரண்டு சொற்கள் தோன்றுகின்றன. அக்காரணி பதத்தை அழிப்பதில்லை, தடுத்து வைக்கிறது என்பதால் என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. உயிர்வேதியியல் பயிற்றுவிக்கும் உறுப்பினர்கள் இதில் கருத்துச் சொன்னால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
குழு உறுப்பினர் ஒருவர்