எம்.ஏ.சி.பி. வாங்கியவர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நாயிப் சுபேதார் என்று மாற்றக் கேட்பது மோசடியா?

பாலாறு ஜவான்:
நேற்று இங்கே ஒரு பெரியவர் எழுதியிருந்தார்: "எம்.ஏ.சி.பி.யில் (புரமோஷன் இல்லாமல் தேங்கியவருக்குத் தரும் சம்பள உயர்வு) ஹவில்தாருக்கு அடுத்த ராங்கான நாயிப் சுபேதார் சம்பளம் வாங்கிவிட்டு, ரிட்டயர் ஆன பிறகு டிஸ்சார்ஜ் புத்தகத்தில் (படையிலிருந்து வெளியே வரும்போது தரும் சர்வீஸ் புத்தகம்) ராங்கை மாற்றச் சொல்லி மனுப் போடுகிறவர்கள் மோசடிக்காரர்கள்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அப்படி மனுப் போட்டவன் நான். 24 வருட சர்வீஸ், 2018ல் பென்ஷன். புரமோஷனுக்கான கேடர் தேர்வில் பாஸ், மெடிக்கலில் முழுத் தகுதியான ஷேப் ஒன், தண்டனைக் குறிப்பான ரெட் இங்க் என்ட்ரி ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் டிரேடில் (வண்டி மெக்கானிக் பிரிவில்) வேகன்சி இல்லை, அவ்வளவுதான். ஹவில்தாராகவே எட்டு வருடம் போனதால் எம்.ஏ.சி.பி. கொடுத்தார்கள். கிரேடு பே (ராங்குக்கு ஏற்பச் சம்பளத்தோடு சேரும் தொகை) 2800லிருந்து 4200 ஆனது. அது நாயிப் சுபேதார் கிரேடு பே. இ.சி.ஹெச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டையில் செமி பிரைவேட் வார்டு. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மட்டும் ஹவில்தார். திருத்திக் கேட்டால் மோசடியா?

சாப் கோவில்பட்டி:
அந்தப் பெரியவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம் தம்பி. எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். ஒரே ஒரு கேள்வி. உங்களை நாயிப் சுபேதாராகப் புரமோட் செய்த பார்ட் டூ ஆர்டர் (சர்வீஸ் மாற்றங்களைப் பதிவு செய்யும் யூனிட் உத்தரவு) நம்பர் என்ன?

பாலாறு ஜவான்:
எம்.ஏ.சி.பி.க்கும் பார்ட் டூ ஆர்டர் வெளியானது, நகல் என்னிடம் இருக்கிறது. இ.சி.ஹெச்.எஸ். விஷயத்துக்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை. 2017 டிசம்பர் உத்தரவைப் பாருங்கள். ஹவில்தார் வரை சந்தா 30,000. நாயிப் சுபேதார் முதல் 67,000. எம்.ஏ.சி.பி. நாயிப் சுபேதாரை அந்த 67,000 பட்டியலில்தான் சேர்த்திருக்கிறார்கள். நான் கட்டியதும் 67,000. பணம் வாங்கும்போது நாயிப் சுபேதார், புத்தகத்தில் எழுதும்போது ஹவில்தாரா?

சாப் கோவில்பட்டி:
எம்.ஏ.சி.பி. ஆர்டரைக் கேட்கவில்லை. புரமோஷன் ஆர்டரைக் கேட்டேன். நம்பர், தேதி?

கன்னர் மணி:
சாப்புக்கு அந்த ஒரு கேள்விதான் மனப்பாடம். பட்டாலியன் கிளார்க் சொல்லிக்கொடுத்ததோடு படிப்பு முடிந்துவிட்டது போல. ஹானரரி நாயிப் சுபேதார் (ஹவில்தாருக்குக் கௌரவமாகத் தரும் ராங்க்) கதை மறந்துவிட்டதா? 2006க்கு முன்னால் ரிட்டயர் ஆனவர்களுக்கு மாதம் 100 ரூபாய் கூடுதலாகப் போட்டு முடித்துவிட்டார்கள். ஆறாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு போனவர்களுக்கு மட்டும் நாயிப் சுபேதார் பென்ஷன். 2010ல் சண்டிகர் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் பழையவர்களுக்கும் உண்டு என்றது, உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. அன்றைக்கும் உங்களைப் போன்றவர்கள் "விதியில் இல்லை, விதியில் இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பழைய கிளார்க்:
இரண்டு பக்கமும் கொஞ்சம் நிறுத்துங்கள். எம்.ஏ.சி.பி. உத்தரவிலேயே இருக்கிறது: இது அந்த ஆளுக்கு மட்டும் கிடைக்கும் பண உயர்வு, பதவிப் பெயரோ அந்தஸ்தோ மாறாது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஏறுவது வெளியே வரும் நாளில் இருந்த ராங்க். புரமோஷன் ஆர்டர் வந்து, டிஸ்சார்ஜ் தேதிக்கு முன்பே அமலாகியும் ஷீட் ரோலில் (சர்வீஸ் பதிவேட்டில்) ஏறாமல் விட்டுப்போயிருந்தால் அது பிழை. அதைத் திருத்திக் கேட்க முழு உரிமை உண்டு. ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் மறுத்து இறுதிப் பதில் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையிலேயே பெஞ்ச் இருக்கிறது. எது பிழை, எது ஆசை என்று முதலில் பிரித்துக்கொண்டால் இந்தச் சண்டையே வேண்டாம்.

பாலாறு ஜவான்:
"ஆசை"யா? 24 வருடம் வண்டிக்கு அடியில் படுத்து எஞ்சின் பார்த்தவனுக்கு ஆசை என்று பெயர் வைத்துவிட்டீர்கள். நன்றி. இ.சி.ஹெச்.எஸ். 67,000 பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லை.

சாப் கோவில்பட்டி:
கிளார்க் சார் சொன்னதில் பாதியைப் படித்துவிட்டுக் கோபப்படுகிறீர்கள். நான் முழுசாகச் சொல்கிறேன், கேளுங்கள். எனக்கு நாயிப் சுபேதார் புரமோஷன் வந்த அன்று கமாண்டிங் ஆபீசர் தோளில் ஸ்டார் குத்தினார். மறுநாளே ஒரு பிளட்டூனைக் கையில் கொடுத்தார்கள். அதில் ஒரு பையன் லீவில் போய்த் திரும்பி வரவில்லை என்றால் பதில் சொன்னவன் நான். ஒருவன் செத்தால் அவன் அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தவனும் நான். ராங்க் என்றால் அது. வங்கியில் ஏறும் தொகைக்கு ராங்க் என்று பெயர் வைத்தால், அந்தப் பிளட்டூனுக்குப் பதில் சொன்ன எங்களை எங்கே வைப்பீர்கள்? எம்.ஏ.சி.பி. வாங்கிய அன்று உங்கள் தோளில் என்ன மாறியது? நேற்று வரை ஹவில்தார் மெஸ், அன்று ஜே.சி.ஓ. (நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை) மெஸ்ஸில் உட்கார வைத்தார்களா? இல்லை. ஏன் என்றால் புரமோஷன் பார்ட் டூ ஆர்டர் இல்லை. திரும்பவும் கேட்கிறேன், நம்பர் என்ன?

பாலாறு ஜவான்:
நீங்கள் நடத்திய பிளட்டூனுக்கு வண்டி ஓடியது எங்களால். அந்த வண்டி நின்றிருந்தால் உங்கள் ஸ்டாரை வைத்துத் தள்ளியிருப்பீர்களா? இன்ஃபென்ட்ரியில் (காலாட்படையில்) இடம் காலியாகும், புரமோஷன் வரும். எங்கள் டிரேடில் மேலே இருக்கும் ஒருவர் போனால்தான் அடுத்தவன் நகர முடியும். தகுதி இருந்தும் இடம் இல்லாதவனுக்குத்தான் அரசாங்கமே எம்.ஏ.சி.பி. கொண்டுவந்தது. அதையே அவமானமாகப் பேசுகிறீர்கள்.

சாப் கோவில்பட்டி:
இன்ஃபென்ட்ரியில் இடம் ஏன் காலியாகிறது என்று தெரிந்துதான் எழுதினீர்களா?

வாயுசேனை பழனி:
இடையில் ஒன்று சொல்லலாமா? எங்கள் பக்கத்திலும் இதே பிரச்சினைதான். சார்ஜென்டாக வந்தவர்களுக்கு எம்.ஏ.சி.பி.யில் ஜூனியர் வாரண்ட் ஆபீசர் கிரேடு பே கிடைத்தது. புத்தகத்தில் சார்ஜென்ட் என்றே இருக்கிறது. யாரும் இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

கன்னர் மணி:
உங்களுக்கு ஏ.சி. அறையில் வேலை. அடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

வாயுசேனை பழனி:
லே விமானத் தளத்தில் பனிக்காலம் முழுக்க ரன்வேயில் நின்றவனிடம் ஏ.சி. அறை என்கிறீர்கள். இனி இந்தத் திரியில் எழுதப்போவதில்லை.

தேனி செல்வி:
ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். என் வீட்டுக்காரர் 1998ல் பென்ஷன் வந்தார், இப்போது இல்லை. அவர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நாயிப் சுபேதார் என்று இருக்கிறது. பி.பி.ஓ.விலும் (பென்ஷன் உத்தரவு) ஸ்பர்ஷிலும் (ஆன்லைன் பென்ஷன் தளம்) ஹவில்தார் என்று இருக்கிறது. எது சரி? யாரிடம் திருத்தச் சொல்ல வேண்டும்?

பழைய கிளார்க்:
அம்மா, அந்தக் காலத்தில் ஒரு ராங்கில் 10 மாதம் முடித்தால்தான் அந்த ராங்குக்குப் பென்ஷன் போடுவார்கள். முடிக்காதவர்களுக்குக் கீழ் ராங்க் பென்ஷன். அதனால் புத்தகத்தில் ஒன்று, பி.பி.ஓ.வில் ஒன்று என்று வந்திருக்கலாம். அவருடைய புரமோஷன் தேதியையும் டிஸ்சார்ஜ் தேதியையும் முதலில் பாருங்கள். 10 மாதம் தாண்டியிருந்தால் பி.பி.ஓ. தப்பு. இரண்டின் நகலையும் வைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக அவருடைய ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் பிரயாக்ராஜ் பென்ஷன் அலுவலகத்திலிருந்து கொரிஜெண்டம் (திருத்திய) பி.பி.ஓ. வரும், ஸ்பர்ஷில் அதை வைத்து மாற்றுவார்கள். புத்தகத்தை யாரிடமும் அசலாகக் கொடுத்துவிடாதீர்கள்.

சாப் கோவில்பட்டி:
பார்த்தீர்களா தம்பி? அந்த அம்மா வீட்டுக்காரருக்கு ராங்க் நாயிப் சுபேதார், பென்ஷன் ஹவில்தார். ஆனாலும் அவர் சாப்தான் (ஜே.சி.ஓ.வை அப்படித்தான் அழைப்போம்), ஒருவரும் மறுக்க முடியாது. ஏன்? பார்ட் டூ ஆர்டர் இருந்தது. உங்களுக்குப் பென்ஷன் நாயிப் சுபேதார், ராங்க் ஹவில்தார். பணம் வேறு, ராங்க் வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தேனி செல்வி:
உங்கள் சண்டைக்கு என் வீட்டுக்காரரைச் சாட்சியாக இழுக்காதீர்கள் ஐயா. கிளார்க் ஐயாவுக்கு நன்றி.

கன்னர் மணி:
நல்லா வாங்கிக்கொண்டார் சாப். அது இருக்கட்டும், அந்த அம்மா கணக்கையே திருப்பிப் போடுங்கள். ராங்க் கொடுத்துவிட்டு அதற்கான பென்ஷனைக் கொடுக்காதது அநியாயம் என்றால், பென்ஷனைக் கொடுத்துவிட்டு ராங்கைக் கொடுக்காததும் அநியாயம்தானே?

சாப் கோவில்பட்டி:
இல்லை. வி.ஏ.ஓ.வுக்குத் தாசில்தார் சம்பளம் கொடுத்தால் அவர் தாசில்தார் நாற்காலியில் உட்கார முடியுமா? மணி யாருக்காகப் பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். மகள் கல்யாணப் பத்திரிகையில் "சுபேதார்" என்று போட்டுக்கொண்டவர்தானே. "நாயிப்" என்ற சொல்லுக்குக்கூட இடம் இல்லாமல் போய்விட்டது.

கன்னர் மணி:
பத்திரிகை அடித்தது என் சம்பந்தி. என் வீட்டு விசேஷத்தை இங்கே இழுத்ததற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டும். அழைத்த மரியாதைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தானே போனீர்கள்?

பாலாறு ஜவான்:
விஷயம் எங்கேயோ போகிறது. நான் சொன்னதையே சொல்கிறேன். இ.சி.ஹெச்.எஸ்.ஸில் 67,000 வாங்கிக்கொண்டு செமி பிரைவேட் கொடுத்தது அரசாங்கம். நாயிப் சுபேதார் கிரேடு பே கொடுத்தது அரசாங்கம். ரெக்கார்ட்ஸிலிருந்து எனக்கு வந்த பதிலில் ஒரே வரி, "விதிகளில் இடமில்லை." எந்த விதி என்று எழுதவில்லை. அதை வைத்தே தீர்ப்பாயத்துக்குப் போகிறேன்.

பழைய கிளார்க்:
போவதற்கு முன் எம்.ஏ.சி.பி. உத்தரவின் அந்தப் பத்தியை வக்கீலிடம் காட்டுங்கள். எதிர்த் தரப்பு முதலில் அதைத்தான் படிக்கும்.

பாலாறு ஜவான்:
பேனா பிடித்தே சர்வீஸ் முடித்தவர்கள் சொல்லும் அறிவுரை எனக்கு வேண்டாம்.

சாப் கோவில்பட்டி:
தாராளமாகப் போங்கள். ஜட்ஜும் நான் கேட்ட நம்பரைத்தான் கேட்பார்.

கன்னர் மணி:
ஜட்ஜ் கேட்கட்டும், நீங்கள் யார் கேட்க? நம் வட்டார முன்னாள் படைவீரர் சங்கத்திலும் இதே கதைதான். தலைவர் ஜே.சி.ஓ., செயலாளர் ஜே.சி.ஓ., பொருளாளர் ஜே.சி.ஓ. ஹவில்தாருக்கு நாற்காலி எடுத்துப் போடும் வேலை.

சாப் கோவில்பட்டி:
தேர்தல் வைத்துத்தான் வந்தோம். நீங்களும் நின்றீர்கள். எத்தனை ஓட்டு என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

கன்னர் மணி:
எழுதுங்கள். கூட்டத்துக்குத் தகவல் போகாதவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கொடிநாள் வசூல் கணக்கையும்.

சாப் கோவில்பட்டி:
கணக்குப் புத்தகம் சங்கக் கட்டடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள்.

கன்னர் மணி:
போன ஞாயிறு வந்தேன். பூட்டிக் கிடந்தது.