எந்திரிச்சா கண்ணு இருட்டுது: உங்களுக்கும் நடந்திருக்கா?

நானுஓயாப் பொண்ணு:
எங்க அம்மாயிக்கு சீனியும் பிரஷரும் ரொம்ப காலமா இருக்கு. காலையில பாயிலருந்து எந்திரிச்சா உடனே சுவரைப் புடிச்சுக்குவாங்க. கிளினிக்ல உக்கார வச்சுப் பார்த்தா 140/80, கொப்பியில எழுதி அனுப்பிடுவாங்க. புதுசா வந்த டொக்டர்தான் படுக்க வச்சுப் பார்த்துட்டு, நிக்க வச்சும் பார்த்தாங்க. மேல் அளவு 110க்கு இறங்கிடுச்சு! நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள 20 இறங்கினாலே கவனிக்கணுமாம். சீனி கால் நரம்பை மரத்துப்போக வைக்கும்னு தெரியும். இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் போற நரம்பையும் விடாதுன்னு அன்னைக்குத்தான் கேள்விப்பட்டோம்.

பதுளை ரிட்டயர்ட் நர்ஸ்:
நல்லா இருக்கிறவங்களுக்கும் நின்னதும் அரை லீட்டருக்கு மேல ரத்தம் வயிறு, கால் பக்கம் இறங்கும். கழுத்துத் தமனியிலயும் பெருந்தமனி வளைவுலயும் இருக்கிற நரம்பு முனைகள், குழாய்ச் சுவர் எவ்வளவு விரியுதுன்னு பார்த்து, மூளையோட அடிப்பகுதியான முகுளத்துக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். அழுத்தம் குறைஞ்சா சேதியும் குறையும். உடனே பரிவு நரம்புகள் குழாயை இறுக்கி இதயத்தை முடுக்கும், இதயத்தை மெதுவாக்குற வேகஸ் நரம்பு பிடியைத் தளர்த்தும். சில விநாடி வேலை. குனிஞ்சு நிமிர்ந்து கொழுந்து எடுக்கிறவங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடக்கும், யாரு கவனிக்கிறா!

பிரஷருக்குக் குடுக்கிற பிராசோசின், ஆம்பளைங்களுக்கு ஒண்ணுக்குப் போக கஷ்டமா இருந்தா குடுக்கிற டாம்சுலோசின் மாதிரி மாத்திரைகள் அந்த இறுக்கத்தைத் தடுக்கும். அதனாலதான் முதல் பிராசோசினை ராத்திரி படுக்கப் போறப்போ குடுப்போம். அம்மாயி என்ன குடிக்கிறாங்கன்னு பாருங்க. நீங்களா நிறுத்திடாதீங்க.

கொட்டகலை மச்சான்:
என் கதை வேற. அட்டை கடிச்சு சப்பாத்துக்குள்ள ரத்தம் ஊறினாலும் அசர மாட்டேன். லேப்ல ஊசியைப் பார்த்தா போதும்: வியர்வை, குமட்டல், தரையில கிடப்பேன். வேகஸ் அளவுக்கு மீறி இதயத்தை அடக்குது, குழாயும் தளர்ந்துடுதுன்னு டொக்டர் சொன்னார். இப்போ படுத்துக்கிட்டுத்தான் ரத்தம் குடுப்பேன். வரிசையில நிக்கிறப்போ தலை சுத்துற மாதிரி இருந்தா காலைப் பின்னி தொடையை இறுக்குவேன், அடங்கிடும்.

நானுஓயாப் பொண்ணு:
அக்கா, வீட்டு மெஷின்ல நிக்க வச்சுப் பார்க்கலாமா?

பதுளை ரிட்டயர்ட் நர்ஸ்:
பார்க்கலாம் தங்கச்சி. அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு ஒண்ணு, நின்ன ஒரு நிமிஷத்துல ஒண்ணு, மூணு நிமிஷத்துல ஒண்ணு. கையை நெஞ்சு மட்டத்துல தாங்கிப் புடிங்க. பக்கத்துல கதிரை இருக்கட்டும், தலை சுத்தினா உடனே உக்கார வச்சிடுங்க. மூணு அளவையும் கொப்பியில எழுதிட்டுப் போங்க.